அடுக்குச் சிந்த் ஒலிகளைத் தெளிவாக மிக்ஸ் செய்வது பற்றி

எலக்ட்ரானிக் நடன இசையில் டிராப் எனப்படும் உச்சப் பகுதியை உருவாக்கும்போது, ஒரே கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரத்தொகுதியை, நான்கைந்து சிந்தசைசர்கள் சேர்ந்து வாசிப்பது வழக்கமாகிவிட்டது. அகலமான சூப்பர்சா ஒன்று, அதற்கு முனை தரும், சட்டென்று எழுந்து அடங்கும் பிளக் ஒன்று, மேலே சீறும் நாய்ஸ், நடுவில் சற்றுக் கரகரப்பான ஸ்கொயர் அலை, அடியில் மிகத் தாழ்ந்த ஒலியான சப் பேஸ் என்று லேயர்கள் எனப்படும் டிராக்குகள் அடுக்கப்படுகின்றன. தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் பிரமாதமாக இருக்கும்; எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டால், கனம் கூடுவதற்குப் பதிலாக மந்தமான இரைச்சல்தான் மிஞ்சும். உடனே கை, குறிப்பிட்ட அதிர்வெண்களின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் தேடிப் போகிறது. அந்தக் கட்டத்தில் ஈக்யூவைத் தொடுவது தாமதமான வைத்தியம் என்பது என் கருத்து. எந்த ஒலியை எந்த ஸ்தாயியில் வைக்கிறோம், அது எவ்வளவு வேகமாக எழுந்து எவ்வளவு வேகமாக அடங்குகிறது, எவ்வளவு அகலமாகப் பரவுகிறது என்ற மூன்றையும் தீர்மானிக்கும்போதே குழப்பத்தின் பெரும்பகுதி உருவாகிவிடுகிறது. ஆகவே இந்தப் பதிவில் ஈக்யூவுக்கு வருவதற்கு முன் வேறு பல விஷயங்களைப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் காது ஏன் தடுமாறுகிறது என்பதைப் பார்த்துவிடலாம். நம் உட்செவி ஒலியைப் பல குறுகிய அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்துத்தான் உணர்கிறது. ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒவ்வொரு பட்டையும் சுமார் 100 ஹெர்ட்ஸ் அகலம் கொண்டது. அதற்கு மேலே போகப் போக, மைய அதிர்வெண்ணில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவில் பட்டை அகன்றுகொண்டே போகிறது. ஒரே பட்டைக்குள் இரண்டு ஒலிகள் வந்தால், வலுவானது மெலிந்ததை மறைத்துவிடுகிறது. இந்த மறைப்பு இரண்டு திசைகளிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. கீழ் ஒலி தனக்கு மேலே உள்ளதை மறைக்கும் அளவுக்கு, மேல் ஒலி கீழே உள்ளதை மறைப்பதில்லை. கீழ்நடுப் பகுதியில் தேவையில்லாமல் தேங்கும் சத்தம், தன் இடத்தை மட்டுமின்றித் தனக்கு மேலே உள்ள லேயர்களின் தெளிவையும் சேர்த்துக் கெடுப்பது இதனால்தான்.

இதே காரணத்தால்தான் தாழ்ந்த ஸ்தாயியில் நெருக்கமான கார்டுகள் கலங்கிப் போகின்றன. 65.4 ஹெர்ட்ஸில் உள்ள சி சுரமும் 82.4 ஹெர்ட்ஸில் உள்ள இ சுரமும் சேர்ந்து ஒலித்தால், இடைவெளி வெறும் 17 ஹெர்ட்ஸ். காது அவற்றை இரண்டு சுரங்களாகப் பிரிக்க முடியாமல் ஒரு கரடுமுரடான உறுமலாகவே கேட்கும். அதே இரண்டு சுரங்கள் மூன்று ஸ்தாயி மேலே, 523 ஹெர்ட்ஸிலும் 659 ஹெர்ட்ஸிலும் ஒலித்தால் இடைவெளி 136 ஹெர்ட்ஸாகிவிடுகிறது. இப்போது இரண்டும் துல்லியமாகப் பிரிந்து கேட்கின்றன. சுரங்களை நகர்த்தியே தீர்க்க வேண்டிய இந்தச் சிக்கலைப் பிளகின் எனப்படும் கூடுதல் மென்பொருளை வாங்கித் தீர்க்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

இனி ரம்பப்பல் வடிவிலான சா அலைக்கு வருவோம். நடன இசையின் பெரிய சிந்த் ஒலிகளில் பெரும்பாலானவை சா அலையில் தொடங்குகின்றன. அதில் அடிப்படை அதிர்வெண்ணின் எல்லா மடங்குகளும் இருக்கின்றன, இரண்டாவது மடங்கு பாதி வலுவிலும் மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு வலுவிலும் என்று மெலிந்துகொண்டே போகும். ரோலண்ட் நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் கொண்டுவந்த ஜேபி-8000 என்ற சிந்தசைசரில் சூப்பர்சா என்ற அலைவடிவம் அறிமுகமானது: சுருதி சற்றே விலகிய ஏழு சா அலைகளை ஒரே ஆசிலேட்டரில் (அலையை உருவாக்கும் பகுதியில்) அடுக்கிய ஒலி அது. டிரான்ஸ் இசையின் முகமாகவே மாறிப்போன அந்த ஒலியை இன்று எந்த மென்பொருள் சிந்திலும் யூனிசன் எண்ணிக்கையை, அதாவது ஒரே சுரத்தை வாசிக்கும் குரல்களின் எண்ணிக்கையை, உயர்த்தியே பெற்றுவிடலாம். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு சுரங்கள் கொண்ட ஒரு கார்டை, ஏழு குரல் யூனிசனுடன், மூன்று லேயர்கள் வாசித்தால், ஒரே நேரத்தில் 84 சா அலைகள் ஒலிக்கின்றன. அவை அனைத்தும் ஒரே அதிர்வெண்களைச் சுற்றியே மொய்க்கின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஒலிகளைச் சமமான அளவில் சேர்த்தால் மொத்த அளவு 3 டெசிபல் கூடும். முழுக்க ஒத்த இரண்டு ஒலிகளானால் 6 டெசிபல் கூடும். மீட்டர் ஏறுகிறது, உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் கூடுதலாக உழைக்கிறது, ஆனால் கேட்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை.

ஆகவே லேயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, அந்த வேலையைத் தவிர மற்ற எதையும் அது செய்யாதபடி பார்த்துக்கொள்வதே நான் கடைப்பிடிக்கும் முறை. இதைச் சோதிக்க, ஒரு டிராக்கை மட்டும் ஒலிக்கவிடும் சோலோ பொத்தான் உதவாது. மியூட் பொத்தான்தான் உதவும். முழு டிராப்பும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு லேயரை மட்டும் மியூட் செய்து, போனது என்ன என்று ஒரே சொல்லில் சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும். "முனை போய்விட்டது", "அகலம் போய்விட்டது", "சுருதி மங்கிவிட்டது" என்று சொல்ல முடிந்தால் அந்த லேயர் இருக்கலாம். "ஏதோ கொஞ்சம் குறைகிறது" என்று மட்டுமே சொல்ல முடிந்தால், பெரும்பாலும் சத்தம்தான் குறைந்திருக்கிறது. மீதி லேயர்களை ஒரு டெசிபல் உயர்த்தினால் அந்தக் குறையே தெரியாது. நேரம் செலவழித்துச் செய்த ஒலியை அழிப்பதற்கு மனம் வராது என்பது உண்மைதான். ஆனால் அந்த உழைப்பு கேட்பவரின் காதுக்குத் தெரிவதில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு நெருங்கிப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 128 பீட் வேகத்தில், எஃப் மைனரில் ஒரு டிராப் என்று வைத்துக்கொள்வோம். சப் பேஸ் 43.65 ஹெர்ட்ஸில் உள்ள எஃப் சுரத்தை வெறும் சைன் அலையாக வாசிக்கிறது. சிறிய ஸ்பீக்கர்களில் அது சுத்தமாகக் கேட்காது என்பதால், அதற்கு மிதமான சாச்சுரேஷன் (ஒலியை இலேசாகச் சிதைத்து மடங்குகளைச் சேர்ப்பது) கொடுத்து 87, 131, 175 ஹெர்ட்ஸ் என்று மேல் மடங்குகளை எழுப்பினால், அடிப்படை அதிர்வெண்ணை ஸ்பீக்கர் வெளியிடாவிட்டாலும் காது அதைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். சூப்பர்சா எஃப், ஏ ஃபிளாட், சி என்ற மூன்றையும் 174.6 ஹெர்ட்ஸிலிருந்து நெருக்கமாக வாசித்தால் அடிப்பகுதி அடைத்துக்கொள்ளும். கீழே எஃப், அதற்கு மேல் 261.6 ஹெர்ட்ஸில் சி, மைனர் உணர்வைத் தரும் ஏ ஃபிளாட்டை மட்டும் ஒரு ஸ்தாயி உயர்த்தி 415.3 ஹெர்ட்ஸில் என்று விரித்து வைத்தால், அதே மூன்று சுரங்கள் ஈக்யூவைத் தொடாமலே திறந்து கேட்கும். ஸ்கொயர் அலைக்கு முழுக் கார்டும் தேவையில்லை. அது மேல் சுரமான மெட்டை மட்டும், யூனிசனும், டீடியூன் எனப்படும் சுருதி விலக்கமும் இல்லாமல், நட்டநடுவில் நின்று வாசித்தால் போதும். சூப்பர்சாவின் ஏழு குரல்களும் சுருதியைச் சுற்றி ஊசலாடிக்கொண்டிருக்கையில், சுருதி எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்ட ஒரு நேரான குரல் தேவைப்படுகிறது. சத்தத்தில் அது சூப்பர்சாவைவிட 8 அல்லது 10 டெசிபல் கீழே இருந்தாலும், அதை மியூட் செய்த கணமே மெட்டு கலங்கிவிடும். மொத்த அடுக்கிலும் எனக்கு மிகவும் பிடித்த லேயர் இதுதான். ஆனால் இதைத் தனியாகக் கேட்டால் பழைய வீடியோ கேம் ஒலி மாதிரி பரிதாபமாக இருக்கும்.

லேயர்களைப் பிரிக்க அதிர்வெண்ணைவிடப் பல நேரங்களில் காலமே எளிய வழி. ஓர் ஒலி இன்னதென்று காது அடையாளம் காண்பதில் அதன் தொடக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பிளக் லேயரின் அட்டாக்கை, அதாவது ஒலி எழும் நேரத்தை, பூஜ்ஜியத்தில் வைத்து, அது ஒரு பதினாறாம் சுர அளவுக்குள், அதாவது 128 பீட் வேகத்தில் சுமார் 117 மில்லி விநாடிக்குள், முழுக்க அடங்கிவிடும்படி டீகே எனப்படும் அடங்கும் நேரத்தை அமைக்க வேண்டும். சூப்பர்சாவின் அட்டாக்கை 15 முதல் 25 மில்லி விநாடி வரை மெல்லத் தள்ளிவிட்டால், முதல் கணம் முழுக்கப் பிளக்குக்குச் சொந்தமாகிவிடுகிறது, அதன் பின்னான உடல் சூப்பர்சாவுக்குச் சொந்தமாகிறது. இவ்வளவு சிறிய தாமதத்தில் வரும் ஒலிகளைக் காது தனித்தனியாகக் கேட்காமல் ஒரே நிகழ்வாக இணைத்துக்கொள்கிறது. ஹெல்முட் ஹாஸ் 1949-இல் வெளியிட்ட ஆய்வு, ஓர் ஒலியும் அதைப் பின்தொடரும் எதிரொலியும் 30 மில்லி விநாடி வரையான இடைவெளியில் எப்படி ஒன்றாகவே கேட்கின்றன என்பதைக் காட்டியது. நாம் லேயர்களில் பயன்படுத்துவதும் ஏறக்குறைய அதே பண்பைத்தான். கேட்பவர் "பிளக்கும் சூப்பர்சாவும்" என்று கேட்பதில்லை, கூர்மையாகத் தொடங்கும் ஒரு பெரிய ஒலியைக் கேட்கிறார்.

ரிலீஸ், அதாவது சுரம் விடப்பட்ட பின் ஒலி அடங்கும் நேரம், என்ற விஷயத்தில் பலரும் கவனம் செலுத்துவதில்லை. ஒரு லேயர் 80 மில்லி விநாடியில் அடங்க, இன்னொன்று 600 மில்லி விநாடி இழுத்தால், கார்டு மாறும் ஒவ்வொரு இடத்திலும் பழைய கார்டின் மிச்சம் புதிய கார்டின் மேல் படிகிறது. நீண்ட வால் வேண்டுமென்றால் அதை ஒரு லேயர் மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது கட்டம் எனப்படும் ஃபேஸ், அதாவது அலை தன் சுழற்சியில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பது. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஈக்யூவால் சரிசெய்யவே முடியாத மெலிவுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன. ஒரே ஒலியின் இரண்டு பிரதிகள் 1 மில்லி விநாடி விலகி ஒலித்தால், 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழும். இரண்டு லேயர்கள் ஒரே சிந்தின் ஒரே அலைவடிவத்திலிருந்து வந்தவையாக இருந்து, அவற்றில் ஒன்றில் மட்டும் தன் செயலாக்கத் தாமதத்தை இசை மென்பொருளுக்குச் சரியாகத் தெரிவிக்காத ஒரு பிளகின் இருந்தால், இதேதான் நடக்கும். தாழ்ந்த ஸ்தாயியில் நிலைமை இன்னும் மோசம். பல சிந்தசைசர்களில் ஆசிலேட்டர் ஒவ்வொரு முறையும் அலையின் வேறு வேறு புள்ளியிலிருந்து தொடங்கும்; மேல் ஸ்தாயியில் இது உயிரோட்டத்தைத் தருகிறது, ஆனால் சப்பும் நடு பேஸும் 87 ஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில், ஒரு சுரம் தடித்தும் அடுத்த சுரம் மெலிந்தும் ஒலிக்கக் காரணமாகிறது. சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரசரைப் போட்டு இதைச் சமன்செய்ய முயல்வது வீண்வேலை. ஆசிலேட்டரின் ரீட்ரிகர் அமைப்பை இயக்கி, ஒவ்வொரு சுரமும் அலையின் ஒரே புள்ளியிலிருந்து தொடங்கும்படி செய்துவிட்டால், இந்த ஏற்ற இறக்கம் அங்கேயே நின்றுவிடும். பிறகு ஒரு லேயரின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல்கீழ் திசையை, திருப்பிப் பார்த்து, எந்த நிலையில் அடி கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

டீடியூனும் இதே கணக்குக்குள் வருகிறது. 440 ஹெர்ட்ஸும் 442 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் விநாடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். 10 சென்ட் (ஓர் அரைச் சுரத்தின் பத்தில் ஒரு பங்கு) டீடியூன் என்பது 440 ஹெர்ட்ஸில் விநாடிக்கு சுமார் இரண்டரை துடிப்பைத் தரும். அந்த வேகம் காதுக்கு இதமானது. அதே 10 சென்ட் 55 ஹெர்ட்ஸில் மூன்று விநாடிக்கு ஒரு துடிப்பாகிவிடும், அதாவது பேஸ் மெல்ல மறைந்து மெல்லத் திரும்பி வரும். நீண்டு ஒலிக்கும் பேட் எனப்படும் பின்னணி ஒலியில் இது அழகாக இருக்கலாம். கிக் டிரம்முடன் தோளோடு தோள் நிற்க வேண்டிய பேஸில், ஒரு பாரில் (தாளச் சுற்றில்) கனமாகவும் அடுத்த பாரில் வெறுமையாகவும் கேட்கும். ஆகவே சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே யூனிசன், டீடியூன், கோரஸ் எஃபெக்ட் மூன்றையும் நான் வைப்பதே இல்லை, அந்தப் பகுதியை இடம் வலம் பிரிவில்லாத முழு மோனோவாகவும் வைத்துவிடுவேன்.

அகலம் என்று வரும்போது ஆசை எல்லோரையும் வென்றுவிடுகிறது. இப்போதெல்லாம் சிந்தசைசரின் ஆயத்த ஒலிகள் விற்பனைக்காகவே முழு அகலத்தில் செய்யப்படுகின்றன. அப்படிப்பட்ட நான்கு ஒலிகளை அடுக்கினால் இடதிலும் வலதிலும் ஒரு சுவர் எழும்பி, நடுவில் மெட்டு நிற்க இடமில்லாமல் போகிறது. அகலத்தை ஒப்பீட்டில்தான் காது உணர்கிறது என்பதால், சூப்பர்சா ஒன்றை மட்டும் முழுக்க விரித்து, ஸ்கொயரையும் பிளக்கையும் நடுவில் நிறுத்தி, நாய்ஸைப் பாதி அகலத்தில் வைப்பதே என் வழக்கம். ஒரு பக்கத்தை மட்டும் 10 அல்லது 20 மில்லி விநாடி தாமதப்படுத்திச் செயற்கையாக அகலப்படுத்தும் உத்தியை லேயர்களில் தவிர்த்துவிடுவது நல்லது, ஏனெனில் மோனோவில் சேர்க்கும்போது அது மேலே சொன்ன பள்ளங்களாகவே மாறும். நடன அரங்குகளின் ஒலியமைப்புகளில் பல மோனோவிலேயே இயங்குகின்றன, கைபேசியின் ஒற்றை ஸ்பீக்கரும் அப்படியே. இடதும் வலதும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் கோரிலேஷன் மீட்டர் +1-க்கும் பூஜ்ஜியத்துக்கும் இடையில் உலவினால் கவலையில்லை. அது அடிக்கடி பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கினால், மோனோவில் ஏதோ ஒரு லேயர் காணாமல் போகிறது என்று பொருள். மொத்த மிக்ஸும் கடந்துபோகும் மாஸ்டரில் மோனோ பொத்தானை அழுத்தி, எது காணாமல் போகிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஈக்யூ. இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு கருவிக்கும் இன்ன அதிர்வெண் என்று சொல்லும் அட்டவணைகளில் எனக்கு நம்பிக்கையில்லை. பேஸைத் தவிர மற்ற எல்லா டிராக்கிலும் கண்ணை மூடிக்கொண்டு 200 ஹெர்ட்ஸில், அதற்குக் கீழுள்ளதை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டரைப் போடும் பழக்கத்தையும் நான் விட்டுவிட்டேன். கார்டின் கீழ்ச் சுரம் 174.6 ஹெர்ட்ஸில் இருக்கும்போது 200-இல் வெட்டினால் அந்தச் சுரத்தின் வேரே போய்விடும். செங்குத்தான ஃபில்டர் தன் வெட்டுப் புள்ளியைச் சுற்றிக் கட்டத்தையும் திருப்பிவிடும் என்பதால், ஒத்த லேயர்களில் வெவ்வேறு சரிவுகளைப் போட்டால் அவை சேரும் இடத்தில் புதிய பள்ளங்கள் தோன்றலாம். நான் ஃபில்டரை மெல்ல மேலே நகர்த்துவேன். முழு மிக்ஸில் வித்தியாசம் கேட்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அதிலிருந்து கொஞ்சம் பின்வாங்குவேன். பிளக்குக்கு அது 500 ஹெர்ட்ஸ் வரை போகக்கூடும், நாய்ஸுக்கு 6 கிலோஹெர்ட்ஸ் வரைகூடப் போகக்கூடும், சூப்பர்சாவில் 130-ஐத் தாண்டாது.

இரண்டு இடங்களில் மட்டும் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். ஒன்று 250 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. அங்கே ஒவ்வொரு லேயரிலும் கைவைப்பதைவிட, எல்லா லேயர்களும் சேரும் பஸ்ஸில் அகலமான வளைவாக ஒன்றரை அல்லது இரண்டு டெசிபல் இறக்கினாலே காற்றோட்டம் வந்துவிடும். மற்றொன்று 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட சம உரப்பு வளைவுகளிலிருந்து இன்றைய ஐஎஸ்ஓ தரநிலை வரை எல்லாமே, காது மிகக் கூர்மையாக இயங்குவது ஏறத்தாழ இந்தப் பகுதியிலும் அதற்குச் சற்று மேலேயும்தான் என்று காட்டுகின்றன. ஒவ்வொரு லேயரும் முன்னால் தெரிய வேண்டும் என்பதற்காக இங்கேதான் தூக்கிவிடப்படுகிறது, விளைவாக எதுவும் முன்னால் தெரியாமல் காது மட்டும் களைத்துப்போகிறது. இந்தப் பகுதிக்கு ஒரே உரிமையாளரைத்தான் அனுமதிக்க வேண்டும். மெட்டை ஸ்கொயர் வைத்திருந்தால், சூப்பர்சாவில் அங்கே 2 அல்லது 3 டெசிபல் இறங்க வேண்டும். குரல் வரும் பாடலாக இருந்தால் இரண்டுமே இறங்க வேண்டும். குரல் வரும்போது மட்டும் இறங்கும்படி டைனமிக் ஈக்யூவுக்குக் குரலைச் சைட்செயினாக, அதாவது தூண்டும் சமிக்ஞையாக, கொடுத்தால் இன்னும் நன்று. குறுகிய பட்டையை 12 டெசிபல் உயர்த்தி மேலும் கீழுமாக நகர்த்தி, கெட்ட அதிர்வெண்ணைத் தேடும் வழக்கம் ஒன்று உண்டு. அப்படித் தூக்கினால் எந்த ஒலியும் எந்த இடத்திலும் விசில் அடிக்கத்தான் செய்யும், வெட்ட வெட்ட ஒலி வெளிறிப்போகும்.

சாச்சுரேஷன் உள்ளிட்ட டிஸ்டார்ஷனை எங்கே வைக்கிறோம் என்பது ஈக்யூவைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன், ஆனாலும் அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஒரு சுரத்தை மட்டும் சாச்சுரேட் செய்தால் அதன் மடங்குகள்தான் எழும். இரண்டு சுரங்களைச் சேர்த்துச் சாச்சுரேட் செய்தால், அவற்றின் கூட்டுத்தொகையிலும் வித்தியாசத்திலும் உள்ள அதிர்வெண்களும் எழும். 174.6 ஹெர்ட்ஸ் எஃப், 207.7 ஹெர்ட்ஸ் ஏ ஃபிளாட் இரண்டும் ஒரே டிஸ்டார்ஷனுக்குள் போனால் 33 ஹெர்ட்ஸில் ஓர் ஒலி பிறக்கும், அது 43.65-இல் நிற்கும் சப்புக்குப் பத்து ஹெர்ட்ஸ் கீழே போய் உட்கார்ந்து, லிமிட்டரை வீணாகத் தூண்டிக்கொண்டிருக்கும். அதே எஃப் சுரமும் 261.6 ஹெர்ட்ஸ் சி சுரமும் சேர்ந்தால் பிறப்பது சுமார் 87 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு ஸ்தாயி கீழே உள்ள எஃப்பே. ஐந்தாம் சுர இடைவெளி டிஸ்டார்ஷனைத் தாங்குவதும் மூன்றாம் சுர இடைவெளி தாங்காததும் இதனால்தான். ஆகவே கார்டு வாசிக்கும் லேயர்களைத் தனித்தனியாக, இயன்றால் சிந்துக்குள்ளேயே ஒவ்வொரு குரலுக்கும் தனியாகச் சாச்சுரேட் செய்துவிட்டு, பஸ்ஸில் மிக இலேசாக மட்டும் கொடுத்து, அதற்குப் பின்னால் ஒரு ஹைபாஸ் ஃபில்டரை வைப்பது நல்லது. முன்னால் வைத்த ஃபில்டர் இந்த 33 ஹெர்ட்ஸைத் தடுக்காது, அது பிறப்பதே டிஸ்டார்ஷனில்தான்.

கிக் ஒலிக்கும்போது மற்ற ஒலிகளை இறக்கும் சைட்செயினைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எல்லா லேயர்களையும் ஒரே ஆழத்தில் கிக்குக்கு வழிவிடச் செய்ய வேண்டிய அவசியமில்லை. சப் முழுக்க விலக வேண்டும். சூப்பர்சா 6 டெசிபல் இறங்கினால் போதும். பிளக் 2 டெசிபலோடு நின்றால் அதன் முனை கிக்கின் கிளிக்கோடு சேர்ந்து ஒலிக்கும். 128 பீட் வேகத்தில் ஒரு பீட் என்பது 468.75 மில்லி விநாடி, அரை பீட் 234; சூப்பர்சா அந்த அரை பீட்டுக்குள் முழு அளவுக்குத் திரும்பிவிட்டால் தாளத்தின் உந்துதல் தெளிவாக இருக்கும், அதைத் தாண்டி இழுத்தால் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும் பம்பிங் என்ற பாணி பிறக்கும். பாணி வேண்டுமென்று செய்தால் சரி, தற்செயலாக நேர்ந்தால் கலக்கமாகத்தான் தெரியும்.

அறையின் எதிரொலிப்பைச் சேர்க்கும் ரிவெர்பும் அப்படித்தான், ஆயத்த ஒலிகளோடு கேட்காமலே வந்து சேர்ந்துவிடுகிறது. ஒலியை ஏற்றியவுடன் சிந்துக்குள் இருக்கும் ரிவெர்பையும் டிலேயையும் அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது என் பழக்கம். நான்கு லேயர்களும் நான்கு வேறு அறைகளில் ஒலித்தால் அவை ஒரே கருவியாகச் சேர்ந்து கேட்க வழியே இல்லை. ஒரே ரிவெர்பை, லேயர்கள் பகிர்ந்துகொள்ளும் செண்டில் வைத்து, சூப்பர்சாவிலிருந்து அதிகமும் ஸ்கொயரிலிருந்து கொஞ்சமும் அனுப்பி, பிளக்கை உலர்ந்தபடியே விட்டு, ரிவெர்பின் முன்தாமதத்தை (அது தொடங்குமுன் வரும் இடைவெளியை) 20 முதல் 30 மில்லி விநாடி வரை தள்ளி, திரும்பி வரும் ஒலியில் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால், பிரம்மாண்டமும் இருக்கும், முனையும் மழுங்காது. டிராப்பில் ரிவெர்பைக் குறைத்து, அதற்கு முந்தைய எழுச்சிப் பகுதியில் கூட்டுவதும் நல்ல பலன் தரும்.

எட்டு பார் முழுவதும் எல்லா லேயர்களும் ஒலித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முதல் நான்கு பாரில் நாய்ஸ் இல்லாமல் விட்டு, ஐந்தாவது பாரில் அதைச் சேர்த்தால், மீட்டர் ஏறாமலே டிராப் வளர்ந்தது போல் தோன்றும். இது மிக்ஸா, இசையமைப்பா என்று கேட்டால், இந்த இசை வகையில் அந்த எல்லைக்கோட்டை நான் தேடுவதில்லை.

சரிபார்க்கும்போது சத்தத்தை மிகவும் குறைத்துவிட வேண்டும், பக்கத்தில் ஒருவர் பேசினால் இசை மறைந்துவிடும் அளவுக்கு. அந்த அளவில் காதுக்குப் பேஸ் பெருமளவு குறைந்துவிடுவதால், மெட்டும் முனையும் கிக்கும் மட்டும் எஞ்சும். மெட்டு அப்போதும் கேட்டால் ஸ்கொயர் தன் வேலையைச் செய்கிறது. ஒரு மாற்றத்தின் முன்னும் பின்னும் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்துக்குச் சமன்செய்துகொள்ள வேண்டும், அரை டெசிபல் கூடினாலே காது அதைச் "சிறப்பு" என்று எழுதிவிடும். கடைசியாக, மாஸ்டரில் தற்காலிகமாக ஒரு லிமிட்டரை வைத்து 4 டெசிபல் வரை அழுத்திப் பார்த்துவிடுவது நல்லது. உச்சங்கள் நசுங்கும்போது பிளக்கின் முனை முதலில் தேய்கிறது, கிக்குகளுக்கு இடையில் ரிவெர்பும் நாய்ஸும் மேலே எழுகின்றன. லிமிட்டர் இல்லாமல் சரியாகத் தோன்றிய சமநிலை அங்கே மாறிவிடும். அந்த நிலையில் கேட்டுக்கொண்டே பிளக்கை ஒரு டெசிபல் ஏற்றி, நாய்ஸை ஒன்றரை டெசிபல் இறக்கி, ரிவெர்பைச் சற்றுக் குறைத்துவிட்டு, லிமிட்டரை எடுத்துவிட்டு மிக்ஸை ஏற்றுமதி செய்வேன்.